மோர்மன் போதனையும் வேதாகமமும்: சொல் ஒன்று, பொருள் வேறு

வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ச்சின்னம். இரண்டிரண்டு பேராக வரும் அந்த இளைஞர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். மரியாதையாகப் பேசுவார்கள், கோபப்படமாட்டார்கள். பெயர்ச்சின்னத்தில் 'மூப்பர்' என்ற பொருள் தரும் 'எல்டர்' என்ற சொல் இருக்கும். முகத்தைப் பார்த்தால் இருபது வயதுகூட இருக்காது. ஆண்கள் இரண்டு ஆண்டு, பெண்கள் பதினெட்டு மாதம் என்று சொந்த ஊரைவிட்டு வந்து ஊழியம் செய்பவர்கள் இவர்கள்.

உலகம் இவர்களை மோர்மன்கள் என்று அழைக்கிறது. அவர்களோ 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற முழுப்பெயரையே விரும்புகிறார்கள். அச்சபையின் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018-இல் இதை வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். வாசகர்களுக்குப் பழகிய சொல் என்பதால் மட்டுமே இக்கட்டுரையில் 'மோர்மன்' என்று எழுதுகிறேன். இழிவுபடுத்தும் எண்ணம் துளியும் இல்லை.

வானொலியில் நேயர்களோடு பேசுவது என் தொழில். சில மாதங்களுக்குமுன் நிகழ்ச்சி முடிந்த பிறகு ஓர் அம்மா அழைத்தார். "ஏம்மா, என் பேரன் அந்தச் சபையில ஞானஸ்நானம் எடுக்கப் போறேங்கிறான். எங்க பாஸ்டர் வேண்டாங்கிறார். அவங்களும் இயேசுவைத்தானே கும்பிடுறாங்க? பைபிள்தானே வச்சிருக்காங்க? அப்புறம் என்னம்மா வித்தியாசம்?" என்று கேட்டார். வீட்டில் அப்பாவும் மகனும் இரண்டு வாரமாகப் பேசிக்கொள்வதில்லை என்றும் சொன்னார்.

ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. நான் மெதடிஸ்ட் தமிழ்ச் சபையில் வளர்ந்தவள். என் நம்பிக்கை எது என்பதை மறைக்கப்போவதில்லை. ஆனால் ஊடகவியல் படித்தபோது எங்கள் விரிவுரையாளர் அடிக்கடி சொன்ன ஒன்றைக் கைவிடவும் போவதில்லை: எதிர்த்தரப்பின் கருத்தைச் சொல்லும்போது, அதைக் கேட்டு அவர்களே 'ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்' என்று தலையாட்ட வேண்டும். அதன்பிறகுதான் நம் கருத்து. ஆகவே மோர்மன்களின் சொந்த நூல்களிலிருந்தே அவர்கள் போதனையை எடுத்து, வேதாகமத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஜோசப் ஸ்மித்தின் கதை

ஜோசப் ஸ்மித் 1805-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பின்னர் குடும்பம் நியூயார்க் மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தது. அந்த வட்டாரத்தில் அப்போது எழுப்புதல் கூட்டங்கள் களைகட்டின. ஒவ்வொரு சபையும் 'நாங்களே சரி' என்றது. எது சரி என்று குழம்பிய பதினான்கு வயதுச் சிறுவன், ஞானம் குறைந்தவன் தேவனிடம் கேட்கட்டும் என்று யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரம் சொல்வதைப் படித்துவிட்டு, 1820-இல் தோப்புக்குள் சென்று ஜெபித்தார். பிதாவும் குமாரனும் இரு தனி உருவங்களாகத் தோன்றி, இருக்கும் சபைகள் எதிலும் சேராதே என்று கூறியதாக அவர் பிற்பாடு எழுதினார்.

1823-இல் மரோனி என்ற தூதர் தோன்றி, பொன் தகடுகள் புதைக்கப்பட்ட இடத்தைக் காட்டினார் என்றும், 1827-இல் அவற்றைப் பெற்று, தேவ வல்லமையால் மொழிபெயர்த்தார் என்றும் சொன்னார். அதுவே 1830-இல் பால்மைரா என்ற ஊரில் 5,000 படிகளாக அச்சான மோர்மன் புத்தகம். அதே ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி சபை தொடங்கியது.

அதன்பின் அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. மிசூரி மாநிலத்தில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. 1838-இல் அம்மாநில ஆளுநரே அவர்களை விரட்ட ஆணையிட்டார். 1844 ஜூன் 27-ஆம் தேதி, இலினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் இருந்த ஜோசப் ஸ்மித்தையும் அவர் அண்ணன் ஹைரமையும் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. எஞ்சியவர்களைப் பிரிகாம் யங் மேற்கே அழைத்துச் சென்றார். 1847-இல் முதல் குழு யூட்டாவின் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தது. இன்று உலகெங்கும் 1 கோடியே 70 இலட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருப்பதாக அச்சபை கூறுகிறது.

அவர்களிடம் பாராட்டத்தக்கவை நிறைய. மது, புகை இல்லை. காப்பி, தேநீரும் இல்லை. மாமாக் கடைக்கு அழைத்தால் தே தாரே வேண்டாம் என்று சொல்லி மைலோ குடிப்பார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுப்பார்கள். திங்கட்கிழமை மாலையைக் குடும்பத்துக்கென்றே ஒதுக்குவார்கள். மாதம் ஒருமுறை உபவாசம் இருந்து, அந்த உணவுக்கான பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். நம் சபைகளில் எத்தனை வீடுகளில் இவை நடக்கின்றன என்று கேட்டால் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும்.

ஆனாலும் நல்ல வாழ்க்கை என்பது ஒன்று, போதனை என்பது வேறொன்று. இனி போதனைக்கு வருவோம்.

ஒரு வேதமா, நான்கு நூல்களா?

மோர்மன்களுக்கு வேதநூல்கள் நான்கு: வேதாகமம், மோர்மன் புத்தகம், கோட்பாடும் உடன்படிக்கைகளும், விலையேறப்பெற்ற முத்து. இதில் வேதாகமத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. சரியாக மொழிபெயர்க்கப்பட்ட அளவுக்கே அது தேவவார்த்தை என்பது அவர்களின் விசுவாசப் பிரமாணத்தில் எட்டாவது. மோர்மன் புத்தகத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு மொழிபெயர்ப்பு என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். சீகன்பால்க் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து தமிழாக்கி, 1715-இல் அச்சிட்டு முடித்தார். மோர்மன் புத்தகம் வெளிவருவதற்கு 115 ஆண்டுகளுக்கு முன்பே! அதன்பிறகு பலமுறை அத்தமிழாக்கம் திருத்தப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறையும் திருத்தியவர்கள் எபிரெய, கிரேக்க மூலத்துக்குத் திரும்பிச் சென்றே திருத்தினார்கள். அந்த மூலம் இன்றும் இருக்கிறது. புதிய ஏற்பாட்டுக்கு 5,000-க்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் படிகள் உள்ளன. 1947-இல் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள், அதற்குமுன் நம்மிடம் இருந்த எபிரெயப் படிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பழையது. எழுத்து வேறுபாடுகள் உண்டுதான். ஆனால் நாம் படிக்கும் அதே ஏசாயாதான் அதில் இருந்தது. ஒரு வசனத்தில் சந்தேகம் வந்தால் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மோர்மன் புத்தகத்துக்கு அப்படி ஒப்பிட மூலம் இல்லை. பொன் தகடுகளைத் தூதரே திரும்ப எடுத்துக்கொண்டார் என்பது அவர்கள் விளக்கம். தகடுகளைப் பார்த்ததாகப் பதினொருவர் கையொப்பமிட்ட சாட்சியம் ஒவ்வொரு பிரதியின் முகப்பிலும் அச்சிடப்பட்டுள்ளது. ஆனால் எழுத்தை ஒப்பிட யாராலும் முடியாது.

கி.மு. 600 அளவில் எருசலேமிலிருந்து புறப்பட்ட லேகியின் குடும்பம் கடல்கடந்து அமெரிக்காவில் குடியேறியது, உயிர்த்தெழுந்த இயேசு அங்கே சென்று அவர்கள் சந்ததிக்குப் போதித்தார் என்பது அந்நூலின் சாரம். அதன் இரண்டாம் நேபி பகுதியில் 12 முதல் 24 வரையுள்ள அதிகாரங்கள் ஏசாயா 2 முதல் 14 வரையுள்ளவற்றை ஒட்டியவை. அவற்றின் ஆங்கிலம் பெரும்பாலும் 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் வேதாகமத்தின் ஆங்கிலமே. அமெரிக்கப் பழங்குடியினரின் மூதாதையர் பெரும்பாலும் ஆசியாவிலிருந்து சென்றவர்கள் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. லேகியின் வழிவந்தோரே அப்பழங்குடியினரின் முதன்மை மூதாதையர் என்று அந்நூலின் முன்னுரையில் இருந்த வாசகமும் அண்மைக் காலத்தில் 'மூதாதையருள் சிலர்' என்ற பொருளில் மாற்றப்பட்டுவிட்டது.

விலையேறப்பெற்ற முத்துவில் உள்ள ஆபிரகாம் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1835-இல் வாங்கப்பட்ட எகிப்தியப் பாப்பிரஸ் சுருள்களிலிருந்து ஜோசப் ஸ்மித் இதை மொழிபெயர்த்ததாகச் சொன்னார். அச்சுருள்களின் சில துண்டுகள் நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் கிடைத்து, 1967-இல் சபையிடமே ஒப்படைக்கப்பட்டன. எகிப்திய மொழி அறிஞர்கள் படித்துப் பார்த்தார்கள். அவை இறந்தவரோடு வைத்து அடக்கம் செய்யும் சடங்கு நூல்கள். ஆபிரகாமைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை. அத்துண்டுகளிலுள்ள எழுத்து ஆபிரகாம் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்பதை அச்சபையின் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. தொலைந்துபோன சுருளில் இருந்திருக்கலாம், அல்லது சுருள் ஒரு தூண்டுதலாக மட்டும் இருந்திருக்கலாம் என்பவை அவர்கள் தரும் விளக்கங்கள்.

இன்னொன்று. ஜோசப் ஸ்மித் வேதாகமத்தையும் திருத்தினார். அதில் ஆதியாகமம் 50-ஆம் அதிகாரத்தில் புதிய பகுதி ஒன்று சேர்ந்திருக்கிறது: பிற்காலத்தில் ஒரு ஞானதிருஷ்டிக்காரர் எழும்புவார், அவர் பெயர் யோசேப்பு, அவர் தகப்பனின் பெயரும் அதுவே என்று. ஆங்கிலத்தில் யோசேப்பு என்பதுதான் ஜோசப். ஜோசப் ஸ்மித்தின் தகப்பனார் பெயரும் ஜோசப். உலகின் எந்தப் பழைய எபிரெயப் படியிலும் இந்தப் பகுதி இல்லை.

கடவுள் யார்?

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மோர்மன்களும் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் நமக்கு மனம் இளகிவிடுகிறது. சொல் ஒன்றுதான், பொருளைப் பார்ப்போம்.

திருச்சபையின் விசுவாசம்: தேவன் ஒருவரே, அந்த ஒரே தேவன் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியாக இருக்கிறார். மோர்மன் போதனை: மூவரும் நோக்கத்தில் ஒன்றானவர்கள், ஆனால் மூன்று தனித்தனி நபர்கள். பிதாவுக்கு மனிதனைப் போலவே தொட்டறியக்கூடிய மாம்சமும் எலும்புமுள்ள உடல் உண்டு என்று கோட்பாடும் உடன்படிக்கைகளும் 130-ஆம் பிரிவு கூறுகிறது. 1844 ஏப்ரலில், தாம் கொல்லப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு ஆற்றிய உரையில் ஜோசப் ஸ்மித் ஒரு படி மேலே சென்று, தேவனும் ஒருகாலத்தில் நம்மைப்போல் மனிதராக இருந்து உயர்ந்தவர் என்று போதித்தார். மனிதனும் அவ்வாறே உயர முடியும் என்பதை அச்சபையின் ஐந்தாம் தலைவர் லொரென்சோ ஸ்னோவும் அழுத்திச் சொன்னார்.

வேதாகமம் என்ன சொல்கிறது? தேவன் ஆவியாயிருக்கிறார் என்று யோவான் 4-இல் இயேசுவே சமாரியப் பெண்ணிடம் கூறுகிறார். உயிர்த்தெழுந்தபின் லூக்கா 24-இல், ஆவிக்கு மாம்சமும் எலும்பும் இல்லை என்றும் சொல்கிறார். மலைகள் உண்டாகுமுன்னும் அநாதியாய் அவர் தேவனாகவே இருக்கிறார் என்பது சங்கீதம் 90. தமக்குமுன் ஒரு தேவன் உருவானதுமில்லை, தமக்குப்பின் உருவாவதுமில்லை என்பது ஏசாயா 43. உயர்ந்து தேவனானவர் என்ற கருத்துக்கு இந்த வசனங்கள் இடம் வைக்கவில்லை.

'நீங்கள் தேவர்கள்' என்ற பொருளில் சங்கீதம் 82 பேசுகிறதே என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதே சங்கீதத்தின் அடுத்த வரியே, அவர்கள் மனிதரைப்போல் செத்துப்போவார்கள் என்று எச்சரிக்கிறது. அநியாயமாகத் தீர்ப்புச் சொன்னவர்களைக் கண்டிக்கும் பாட்டு அது. நாம் தேவனுடைய பிள்ளைகளாவது உண்மை. பவுல் அதை சுவிகாரம் என்கிறார். தத்தெடுத்த பிள்ளை குடும்பத்தின் அன்பையும் சொத்தையும் பெறும். ஆனால் தத்தெடுத்தவராகவே ஆகிவிடாது.

இங்கே என்னை வியக்க வைத்தது வேறு. மோர்மன் புத்தகத்தையே திறந்தால், ஆல்மா 11-ஆம் அதிகாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தேவன் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்றே பதில் வருகிறது. மரோனி 8 தேவன் என்றென்றும் மாறாதவர் என்கிறது. ஆபிரகாம் புத்தகமோ 'தேவர்கள்' கூடி உலகைப் படைத்ததாகப் பன்மையில் எழுதுகிறது. பலதார மணமும் இப்படித்தான். தாவீதும் சாலொமோனும் பல மனைவியரை வைத்திருந்ததை மோர்மன் புத்தகத்தின் யாக்கோபு 2 அருவருப்பு என்று கண்டிக்கிறது. 1843-இல் எழுதிவைக்கப்பட்ட 132-ஆம் பிரிவோ அதை நியாயப்படுத்துகிறது. அச்சபை 1890-இல் பலதார மணத்தை நிறுத்துவதாக அறிவித்தது. இன்று அதைச் செய்பவரைச் சபையிலிருந்தே நீக்குகிறது. ஆகவே வேறுபாடு மோர்மன் நூலுக்கும் வேதாகமத்துக்கும் இடையே மட்டும் இல்லை. 1830-இன் ஜோசப் ஸ்மித்துக்கும் 1844-இன் ஜோசப் ஸ்மித்துக்கும் இடையிலும் இருக்கிறது.

இயேசு யார்?

இயேசு நமக்காக மரித்தார், உயிர்த்தெழுந்தார் என்று மோர்மன்கள் உளமார நம்புகிறார்கள். சந்தேகமே வேண்டாம். ஆனால் நாம் எல்லாரும் பூமிக்கு வருமுன் பரலோகப் பிதாவின் ஆவிப் பிள்ளைகளாக இருந்தோம், இயேசு அவர்களில் மூத்தவர், பின்னர் விழுந்துபோன லூசிபரும் அந்த ஆவிப் பிள்ளைகளில் ஒருவனே என்பதும் அவர்கள் போதனை.

யோவான் முதல் அதிகாரம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. ஆதியில் வார்த்தை தேவனாகவே இருந்தது. உண்டானவற்றில் எதுவும் அவராலேயன்றி உண்டாகவில்லை. கொலோசெயர் முதல் அதிகாரத்தில் பவுல், காண்பவை காணாதவை, சிம்மாசனங்கள், அதிகாரங்கள் எல்லாமே அவரால் படைக்கப்பட்டவை என்கிறார். அப்படியானால் லூசிபர் படைப்பு, இயேசு படைத்தவர். ஒரே வீட்டு அண்ணன் தம்பி என்று சொல்ல வழியில்லை.

இரட்சிப்பு இலவசமா?

'கிருபை' என்ற சொல்லும் இரு பக்கமும் உண்டு. நம்மால் முடிந்த எல்லாவற்றையும் செய்தபின் கிருபையால் இரட்சிக்கப்படுகிறோம் என்கிறது இரண்டாம் நேபி 25. எபேசியர் 2-இல் பவுல், அது கிருபையால் விசுவாசத்தைக் கொண்டு வரும் ஈவு, ஒருவரும் பெருமை பேசாதபடி கிரியைகளினால் உண்டானதல்ல என்கிறார். அடுத்த வசனத்திலேயே நற்கிரியைகள் செய்வதற்காகவே நாம் உருவாக்கப்பட்டோம் என்றும் சொல்கிறார். மரம் கனி கொடுக்கிறது. கனி கொடுத்ததால் மரமானதில்லை.

மோர்மன்கள் இதை இரண்டாகப் பிரிப்பார்கள். உயிர்த்தெழுதல் எல்லாருக்கும் இலவசம். அதற்குப்பின் மூன்று மகிமை நிலைகள். அவற்றில் உச்சத்தை அடைய ஞானஸ்நானம், ஆசாரியத்துவத்தின் கை வைப்பு, ஆலயச் சடங்குகள், நித்தியத் திருமணம் ஆகிய அனைத்தும் வேண்டும். மூன்று நிலைகளுக்கு 1 கொரிந்தியர் 15-ஐ ஆதாரம் காட்டுவார்கள். அங்கே பவுல் சூரியன், சந்திரன், நட்சத்திரங்களின் மகிமையைப் பேசுவது உண்மைதான். ஆனால் அது உயிர்த்தெழும் உடல் எப்படி இருக்கும் என்பதை விளக்கும் உவமை. பரலோகத்தின் மாடிகளைப் பற்றியது அல்ல.

எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவன் சிலுவையில் தொங்கிய கள்ளன். அவனுக்கு ஞானஸ்நானம் எடுக்க நேரமில்லை, கைகளோ ஆணியில். இன்றைக்கே தம்முடன் பரதீசில் இருப்பான் என்று இயேசு அவனிடம் சொன்னதை லூக்கா 23 சொல்கிறது.

கல்யாணமும் செத்தவர்களும்

நம் குடும்பங்களை நேரடியாகத் தொடும் பகுதி இது. ஞாயிறு ஆராதனை நடக்கும் கூட்ட மண்டபத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் 'ஆலயம்' வேறு. பேங்காக் ஆலயம் 2023-இல் திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் ஒன்று கட்டப்போவதாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. பிரதிஷ்டை முடிந்தபின் உள்ளே செல்லப் பரிந்துரைச் சீட்டு வேண்டும். தசமபாகம் கொடுக்கிறவரா, சபை விதிகளைக் கடைப்பிடிக்கிறவரா என்றெல்லாம் நேர்காணல் நடத்தியே அதைத் தருவார்கள். கணவன் மனைவியை நித்தியத்துக்கும் இணைக்கும் 'முத்திரித்தல்' அந்த ஆலயத்துக்குள்தான் நடக்கும். பெற்ற தாயாக இருந்தாலும் சீட்டு இல்லையென்றால் வெளியேதான் உட்கார வேண்டும். பதிவுத் திருமணத்தையும் விருந்தையும் அவர் பார்க்கலாம். மகன் எதை உண்மையான திருமணம் என்று கருதுகிறானோ அதைப் பார்க்க முடியாது. மாமன் சீரும் தாயின் ஆசீர்வாதமும் இல்லாமல் கல்யாணம் நடத்தாத நம் சமூகத்தில் இதன் வலி சாதாரணமானதல்ல. ஞானஸ்நானம் எடுக்கும் முன்பே பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை என்று மத்தேயு 22-இல் இயேசு பதிலளிக்கிறார். அங்கே புதிதாக மணம் முடிப்பதில்லை என்பதே பொருள், இங்கே செய்த முத்திரித்தல் நிற்கும் என்று மோர்மன்கள் விளக்குவார்கள். ஆனால் சதுசேயர் கேட்டதே ஏற்கெனவே மணமுடித்த பெண் அங்கே யாருடைய மனைவி என்றுதான். அந்தக் கேள்விக்கு வந்த பதில் இது.

இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் எடுக்கும் வழக்கமும் ஆலயத்தில் உண்டு. வம்சாவளிப் பதிவுகளை உலகெங்கும் திரட்டி அவர்கள் இலவசமாகத் தருவது இதற்காகவே. யூதப் படுகொலையில் மாண்டவர்களின் பெயர்களிலும் இதைச் செய்தது பெரும் வருத்தத்தை உண்டாக்கியதால், அதை நிறுத்த 1995-இல் யூத அமைப்புகளோடு உடன்பாடு கண்டார்கள். 1 கொரிந்தியர் 15:29 மட்டுமே இதற்கு வேதாகமத்தில் காட்டப்படும் நேரடி வசனம். அறிஞர்களே பலவிதமாக விளக்கும் வசனம் அது. பவுல் அங்கே 'நாம் செய்கிறோம்' என்று சொல்லாமல், மற்றவர்கள் செய்வதாகவே சொல்கிறார். கட்டளையும் இடவில்லை. எபிரெயர் 9-ஓ மனிதன் ஒருமுறை மரிப்பதும் பின்பு நியாயத்தீர்ப்பும் என்கிறது. செத்துப்போன தாத்தா பாட்டி மேலுள்ள பாசம் புரிகிறது. அவர்களை நீதியும் இரக்கமுமுள்ள தேவனின் கையில் விடுவதே நமக்கு வேதாகமம் தரும் ஆறுதல்.

இந்த வேறுபாடுகளால்தான் பெரும்பாலான திருச்சபைகள் மோர்மன் ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. வார்த்தைகள் ஒத்திருந்தாலும் நம்பிக்கை ஒத்தில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபை 2001-இல் தீர்மானித்தது. அவர்களும் நம் ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. அங்கே சேரும் எவரும் மீண்டும் எடுத்தாக வேண்டும். இரு பக்கமும் இதை வெறும் சபை மாற்றமாகக் கருதவில்லை.

மனசு சூடானால் உண்மையா?

மோர்மன் புத்தகத்தைப் படித்துவிட்டு, இது உண்மையா என்று தேவனிடம் கேளுங்கள், அவர் உங்கள் உள்ளத்தில் உணர்த்துவார் என்று அந்த இளைஞர்கள் அழைப்பார்கள். மரோனி 10-ஆம் அதிகாரம் தரும் வாக்குறுதி அது. 'ஜெபிக்காதே' என்று எந்தக் கிறிஸ்தவர் சொல்வார்?

ஆனால் வானொலிக்காரி என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒரு சோகச் செய்தியின் பின்னணியில் மெல்லிய புல்லாங்குழலை ஒலிக்கவிட்டால் நேயர்களின் கண் கலங்கும். அதே செய்தியை இசையில்லாமல் வாசித்தால் கலங்காது. செய்தி ஒன்றே. உணர்ச்சி உண்மையானதுதான், ஆனால் அது செய்தியின் உண்மைக்குச் சான்று அல்ல. உள்ளத்தின் கனிவைத் தருவது தேவனாக இருக்கலாம், நட்பாக இருக்கலாம், நெடுநாள் தனிமைக்குப்பின் கிடைத்த அரவணைப்பாகவும் இருக்கலாம்.

பெரோயா ஊரார் பவுலையே சும்மா நம்பவில்லை. அவர் சொன்னவை அப்படித்தானா என்று தினமும் வேதத்தை ஆராய்ந்து பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17 அவர்களைப் பாராட்டுகிறது. வானத்திலிருந்து ஒரு தூதனே வந்து வேறு சுவிசேஷத்தைச் சொன்னாலும் ஏற்காதீர்கள் என்பது கலாத்தியர் முதல் அதிகாரம். அப்போஸ்தலர்களுக்குப்பின் உண்மைச் சபை பூமியில் இல்லாமல் போயிற்று, 1830-இல் மீட்கப்பட்டது என்ற அடிப்படையும் மத்தேயு 16-இல் இயேசு தந்த உறுதியோடு மோதுகிறது. பாதாளத்தின் வாசல்கள் தம் சபையை மேற்கொள்ளமாட்டா என்றார் அவர். சபை தவறியிருக்கிறது, கண்டிக்கப்பட்டிருக்கிறது, சீர்திருத்தப்பட்டிருக்கிறது. ஆயிரத்து எழுநூறு ஆண்டு அணைந்தே கிடந்தது என்று நம்பினால், அந்த உறுதிக்கு என்ன பொருள்?

வேண்டாத வாதங்கள்

நம்மவர்களிடமும் சில பலவீனமான வாதங்கள் உலவுகின்றன. மோர்மன் புத்தகம் இயேசு எருசலேமில் பிறப்பார் என்கிறதே என்று ஆல்மா 7-ஐக் காட்டிச் சிரிப்பார்கள். அது 'தேசம்' என்று சொல்கிறது. பெத்லகேம் எருசலேமிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்தான். விட்டுவிடலாம். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இப்புத்தகத்தோடு ஒன்றும் கூட்டாதே என்று இருக்கிறதே என்பார்கள். அந்த எச்சரிக்கை முதலில் அந்த ஒரு புத்தகத்துக்கானது. உபாகமம் 4-இலும் அதுபோல ஒன்று உண்டு. இதைவிடக் கலாத்தியர் வலுவானது. அவர்கள் உள்ளாடையைக் கேலி செய்வதும் பல மனைவி நகைச்சுவைகளும் அறவே வேண்டாம். கேலி செய்தவரின் வேதத்தை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.

வீட்டில் எப்படிப் பேசுவது?

பிள்ளையோடு பேசுவதை நிறுத்தாதீர்கள். பல இளைஞர்கள் அங்கே போவதற்குக் காரணம் போதனை அல்ல. யாரோ ஒருவர் அவர்கள் பெயரைச் சொல்லி அழைத்து, வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டதுதான். நம் சபையில் அது கிடைத்ததா என்று முதலில் கேட்டுக்கொள்வோம்.

ஊழியர்கள் வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, பொருளைக் கேளுங்கள். பிதா என்றென்றும் தேவனாகவே இருந்தாரா? இயேசுவைப் படைத்தவர் உண்டா? நான் இன்றிரவு மரித்தால், ஆலயச் சடங்கு எதுவும் செய்யாத எனக்கு இயேசு மட்டும் போதுமா? என் மகனின் முத்திரித்தலை நான் பார்க்க முடியுமா? பதிலை அமைதியாகக் கேட்டு, மகனோடு சேர்ந்து வேதத்தைத் திறந்து ஒவ்வொரு வசனமாகப் பாருங்கள். அவன் கையிலேயே புத்தகத்தைக் கொடுங்கள். நீங்கள் படித்துக் காட்டவேண்டாம்.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 'எல்லாம் ஒரே சாமிதானே' என்று நாம் சொல்வது நல்ல மனத்தோடுதான். ஆனால் தம் நம்பிக்கைக்காக வீட்டையும் உயிரையும் இழந்தவர்களிடம் போய், உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசமே இல்லை என்று சொன்னால், அது அவர்களை மதிப்பதாகாது. வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, அதே மேசையில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவதுதான் மரியாதை.

எந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுப்பது என்பதை வயது வந்த பிள்ளை தானே முடிவு செய்யட்டும். எதை நம்பி எடுக்கிறான் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கட்டும். அதற்கு உதவுவது பெற்றவர்களின் கடமை, சபையின் கடமை. அப்பாவும் மகனும் மறுபடி பேசத் தொடங்காமல் அதில் எதுவும் நடக்காது.